மலையகத்தின் உடற்சரித்திரம் – 17: சோம்பல் என்று பதியப்பட்ட நோய்

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது வரையிலான கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். தொழிலாளிக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு தோட்டத்துக்கு உண்டு என்பதை அந்தச் சட்டங்கள் ஏற்றுக்கொண்டன. யார் நோயாளி என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. உடம்பு சுட்டால் காய்ச்சல் என்று எழுதலாம். வாந்திபேதியும் அம்மையும் தாமாகவே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லாமல், காலையில் எழும்போதே கைகால் ஓய்ந்து, மலையேறினால் மூச்சிரைத்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, நாளெல்லாம் மேல் வலிக்கிறது என்று சொன்னவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? விடியுமுன் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவருக்கு அதற்கான பதில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில்தான் கிடைத்தது. முழு நாள் ஈடுகொடுத்தால் ஒரு பேரு. கூடை நிறையாவிட்டால் அரைப் பேரு. வராவிட்டால் பேரே இல்லை. ஏலாமையைக் குறிக்க அந்தப் பதிவேட்டில் தனிக்கட்டம் கிடையாது. அது சோம்பலாகவே கணக்கில் ஏறியது.

காரணம் தெரியாத நோவு பொய் நோவு என்ற இந்தத் தீர்ப்பு எப்படி உருவானது, எப்படி உடைந்தது, உடைந்த பிறகும் ஏன் முழுதாக ஒழியவில்லை என்பதே இந்த இதழின் பொருள். அதைப் புரிந்துகொள்ள 1916ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே ஆண்டில், ஒரே பேரரசின் இரண்டு மூலைகளில், ஏறக்குறைய ஒரே முறைப்பாட்டோடு வந்த இரண்டு வகை மனிதர்களை மருத்துவம் பரிசோதிக்கத் தொடங்கியது. லண்டனில் போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள். இலங்கையின் மாத்தளையில் தோட்டத் தொழிலாளர்கள். இருவரும் சொன்னவை களைப்பு, மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம், வலி.

சிப்பாய்களின் கதை அதற்கும் முந்தியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிகிச்சையளித்த ஜேக்கப் டா கொஸ்டா, 300 சிப்பாய்களை ஆராய்ந்து 1871இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெஞ்சு துடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் நடந்தாலும் விழுந்துவிடுகிறார்கள். ஆனால் இதயத்தில் அதற்கு ஈடான பழுது எதுவும் தெரியவில்லை. முதலாம் உலகப் போரில் இதே முறைப்பாடு ஆயிரக்கணக்கில் வந்தபோது, பிரித்தானிய அரசால் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. 1916இல் லண்டனின் ஹம்ப்ஸ்டெட்டில் இதற்கென்றே ஓர் இராணுவ வைத்தியசாலை அமைக்கப்பட்டது. அங்கே தோமஸ் லூயிஸ் என்ற இதய ஆய்வாளர் நாடித்துடிப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நோயாளியின் முந்தைய தொழில் என்ன, என்ன காய்ச்சல் கண்டது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பவற்றையும் விசாரித்தார். நீண்ட படுக்கை ஓய்வு உதவாது என்று கண்டு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொருவரும் எந்தப் படியில் தடுமாறுகிறார் என்று குறித்து வகைப்படுத்தினார். ஓஸ்லர், ஆல்பட், மக்கென்சி போன்ற மூத்த மருத்துவர்களின் ஆலோசனையும் அந்த வைத்தியசாலைக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் பிரித்தானியா ஓய்வூதியங்களுக்கென்று தனி அமைச்சையும் ஏற்படுத்தியது. பெயர் வைக்கத் தெரியாத நோய்க்கும் ஒரு கட்டில், ஒரு மருத்துவர், ஒரு கோப்பு கிடைத்தன.

மாத்தளைக்கு வருவோம். அங்கே தேடப்பட்டது கொக்கிப்புழு. 1838இல் மிலான் நகரில் அஞ்செலோ டுபினி ஒரு பிரேதப் பரிசோதனையில் கண்ட புழு அது. 1880 வாக்கில் ஆல்ப்ஸ் மலையில் சென் கொத்தார்ட் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் வெளிறிச் சோர்ந்து விழுந்தபோது, அவர்களின் இரத்தசோகைக்கு இதுவே காரணம் என்று கண்டறிந்தார்கள். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவரின் கையில் புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அவை தோலைத் துளைத்தே உடலுக்குள் போகின்றன என்பது அதன்பின் தெரியவந்தது. ஈர மண்ணில் கிடக்கும் மலத்தில் முட்டை பொரிகிறது. வெறுங்காலில் நடப்பவரின் விரலிடுக்கு வழியாகக் குஞ்சு ஏறுகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் பல் பதித்து ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. இலங்கையில் பரவலாக உள்ள வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர். ஒன்றாகப் பார்த்தால் துளி. நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. ஒரு பெண்ணின் உடல் உணவிலிருந்து நாளொன்றுக்கு ஈர்த்துக்கொள்ளும் இரும்புச்சத்தே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். புழு குடிக்கும் அந்த 3 மில்லிலீற்றர் இரத்தத்தில் அடங்கியிருப்பது ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம். அதில் ஒரு பகுதியைக் குடல் மீட்டுக்கொண்டாலும் கணக்கு நாளடைவில் பற்றாக்குறையில்தான் முடியும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையரையும் கறுப்பரையும் பல தலைமுறைகளாகச் சோம்பேறிகள் என்று ஏசிவந்த சமூகத்துக்கு, அது சோம்பல் அல்ல, புழு என்று 1902இல் சொன்னவர் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ். 1909இல் அமெரிக்கச் செல்வந்தர் ரொக்பெல்லரின் பணத்தில் அங்கே தொடங்கிய இயக்கம் பின்னர் கடல் கடந்தது. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் அது வேலையைத் தொடங்கியபோது, செலவில் ஒரு பங்கைத் தோட்டத் தரப்பு ஏற்றது. சிறு தகர டப்பாக்களில் மலமாதிரி சேகரித்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. பேதி உப்புக் கொடுத்து வயிற்றைக் கழுவி, வெறும் வயிற்றில் தைமோல் கொடுத்து, மீண்டும் பேதி உப்புக் கொடுப்பது அன்றைய சிகிச்சை. தைமோல் என்பது நம் வீட்டு ஓமத்திலிருந்து எடுக்கப்படும் சத்துத்தான். இந்தியாவிலிருந்து ஓமம் ஜெர்மனிக்குப் போய் மருந்தாகத் திரும்பிக்கொண்டிருந்தது. போர் அந்த வழியை அடைத்தது. பின்னர் கீனோபோடியம் எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டுமே அளவு தப்பினால் விஷம். அந்த மருந்தை விழுங்கி, ஒரு நாள் வேலையும் இழந்து, வயிறு காந்தப் படுத்திருந்தவர்கள்தான் இலங்கையின் பொதுச் சுகாதார வரலாற்றின் முதல் பக்கங்களை எழுதியவர்கள். அவர்களின் பெயர்கள் எந்த அறிக்கையிலும் தலைப்பாக வரவில்லை.

சோம்பல் என்ற தீர்ப்பு இங்கே உடைந்தது. நுண்ணோக்கி சாட்சி சொல்லிவிட்டது. கதை இத்தோடு முடிந்திருந்தால், நம் பாடமும் எளிதாக இருந்திருக்கும்: ஒவ்வொரு விளங்காத நோவுக்குப் பின்னும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடி, மருந்து கொடு, தீர்ந்தது. ஆனால் நடந்தது வேறு. மருந்து குடித்துப் புழுவை வெளியேற்றியவர் அடுத்த நாள் அதே ஈர மண்ணில் வெறுங்காலோடு இறங்கினார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மலசலகூடம் இல்லை. இருந்த இடத்திலும் பல குடும்பங்களுக்கு ஒன்று. புழு திரும்ப ஏறியது. மலசலகூடம் கட்டுங்கள் என்று ரொக்பெல்லர் தரப்பு வலியுறுத்தியபோது, அந்தச் செலவுக்குத் தோட்டங்கள் தயங்கின. மருந்து கொடுத்தால் உழைப்புத் திறன் கூடும் என்ற கணக்கே அவர்களை இந்த இயக்கத்துக்குள் இழுத்தது என்பதைச் சமூகவியலாளர் சோம ஹேவா தமது 1995ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வேலைக்கு ஆள் எழும்பினால் போதும் என்ற இடத்தில் அந்தக் கணக்கு நின்றுவிட்டது. அவர் வாழும் இடத்தை மாற்றுவது அதற்குள் அடங்கவில்லை.

இந்தத் தோல்வியிலிருந்துதான் ஒரு பெரிய படிப்பினை பிறந்தது. ஒரு நோய், ஒரு மருந்து என்ற வழி போதாது என்று கண்ட சுகாதாரத் துறை, 1926இல் களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதார அலகைத் தொடங்கியது. மருத்துவ அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி என்று பலர் ஒரு பிரதேசத்தைச் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். மலம் கழிக்கும் குழியிலிருந்து பிரசவம் வரை ஒரே குழுவின் கண்ணில் பட்டன. இலங்கையின் சுகாதாரச் சேவை உலகில் பாராட்டுப் பெறுவதற்கு அடித்தளமிட்ட ஏற்பாடு இது. தோட்டத் தொழிலாளியின் குடலில் கற்ற பாடம் கரையோர மாவட்டம் ஒன்றில் நிறுவனமானது; தோட்டங்களோ அதன்பின்னும் பல பத்தாண்டுகள் தேசிய சுகாதாரச் சேவைக்கு வெளியே, தனி நிர்வாகத்தின் சிறு மருந்தகமான மருந்துக் காமராவோடு விடப்பட்டன. அந்தப் பிளவு இன்றுவரை முழுதாக அடைபடவில்லை.

ஹட்டனும் நுவரெலியாவும் இந்தக் கதையில் ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகின்றன. கொக்கிப்புழுவின் குஞ்சுக்குச் சூடும் ஈரமும் வேண்டும். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹட்டனிலும் 1,860 மீற்றரைத் தாண்டிய நுவரெலியாவிலும் குளிர் அதன் பெருக்கத்தைக் குறைக்கிறது. மாத்தளையின் விடை இங்கே அப்படியே பொருந்தாது என்பதே இதன் பொருள். அதே களைப்பு, அதே மூச்சிரைப்பு, அதே மயக்கம். காரணம் வேறாக இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வெறும் தேநீரும் ஒன்றாக உள்ளே போகும்போது, தேயிலையின் தனின் அந்த உணவில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடல் ஈர்க்கவிடாமல் தடுக்கிறது. அடுத்தடுத்த பிள்ளைப்பேறு இருப்பைக் கரைக்கிறது. கூடைக் கயிறு உச்சந்தலையில் பதிந்து, கொழுந்து நிறைய நிறைய கழுத்து முன்னே தள்ளப்படுகிறது; சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நாள் முழுதும் நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் இறுகிப்போகிறது. மழையில் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்கிறது. லயத்தின் ஒற்றை அறையில் விறகுப் புகை மூச்சுக்குள் போகிறது. நிர்ணயித்த கிலோவை எட்டாவிட்டால் சம்பளம் குறையும் என்ற பயம், கடன், குடித்துவிட்டு வரும் கணவன், கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போன பிள்ளை என்று மனச்சுமை வேறு. இவற்றில் எது காரணம் என்று கேட்பது தவறான கேள்வி. ஒவ்வொன்றும் சிறிது, எல்லாம் சேர்ந்த இடத்தில் ஒரு பெண் நின்று ‘மேலெல்லாம் நோவுது, ஏலல’ என்கிறார். மருந்துக் காமராவில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வலிமாத்திரை.

சிப்பாய்களின் வரலாறு நமக்குத் திரும்ப உதவுவது இங்கேதான். 1990–91 வளைகுடாப் போருக்கு அமெரிக்கா ஏறத்தாழ 7 லட்சம் பேரை அனுப்பியது. திரும்பியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் களைப்பு, மூட்டுவலி, மறதி, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு என்று பல நோவுகள் ஒன்றாகத் தொடர்ந்தன. ஆரம்பத்தில் பலருக்குக் கிடைத்த பதில், பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பது. முன்னாள் படைவீரர்கள் விடவில்லை. 1994இல் அமெரிக்கக் காங்கிரஸ், காரணம் கண்டறியப்படாத நோய்க்கும் இழப்பீடு வழங்க இடமளித்து ஒரு சட்டம் இயற்றியது. 2001இல் போர்சார்ந்த நோய்களுக்கான ஆய்வு மையங்கள் தலைநகர் வாஷிங்டனிலும் நியூ ஜெர்சியிலும் தொடங்கின. அங்கே ஒரு நோயாளியைப் பொது மருத்துவர், நரம்பியல் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று பலர் பார்த்து, கலந்து பேசி, ஒரே திட்டமாக எழுதிக் கொடுக்கிறார்கள். இது மாயச் சிகிச்சை அன்று. 1,092 வளைகுடாப் படைவீரர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2003இல் வந்தது: எண்ணமும் பழக்கமும் மாற உதவும் உளவியல் சிகிச்சையும் உடற்பயிற்சியும் சிலருக்கு மிதமான பலனே தந்தன. ஆனால் அந்த ஏற்பாட்டின் அடிப்படை உறுதியானது. காரணம் தெரியும்வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை; காரணத்தைத் தேடுவதும் வேதனையைக் குறைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

இந்த ஒப்பீட்டுக்கு மறுப்புகள் எழும். முதல் மறுப்பு: நாட்டுக்காகப் போருக்குப் போன சிப்பாயையும் கூலிக்குக் கொழுந்து பறிப்பவரையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது? உடம்பின் அளவில் வைக்கலாம் என்பதே பதில். ஹம்ப்ஸ்டெட்டில் நோய் என்று ஏற்கப்பட்ட மூச்சிரைப்பு, மலையகத்தில் சோம்பல் என்று எழுதப்பட்டதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஒருவருக்குப் பின்னால் ஓர் ஓய்வூதிய அமைச்சு இருந்தது, மற்றவருக்குப் பின்னால் ஒரு கங்காணி இருந்தார் என்பதே வேறுபாடு. இலங்கையில் 1934இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் விபத்தையும் பட்டியலிட்ட தொழில்சார் நோய்களையும்தான் ஏற்றது; இருபது வருடம் சரிவில் நின்றதால் மெல்ல மெல்லத் தேய்ந்த உடலுக்கு அதில் இடமில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்து தேய்ந்த உடலுக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடினமானது: காரணம் இல்லாத நோவை ஏற்றுக்கொண்டால், வேலைக்கு வராமல் நழுவ நினைப்பவருக்கும் அது வழியாகிவிடாதா? நழுவுபவர் எங்கும் உண்டு, சிப்பாய்களிலும் இருந்தார்கள். ஆனால் மாத்தளையின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். சோம்பேறி என்று ஏசப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குடலில் புழுவைச் சுமந்துகொண்டு வேலை செய்தவர்கள். சந்தேகத்தை முதலில் வைத்து ஆராய்ச்சியை ஒத்திப்போட்ட முறை நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நோயாளிகளையே தண்டித்தது. ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது எந்த நிர்வாகத்துக்கும் தகாது.

மூன்றாவது மறுப்பு தொழிலாளர்களின் பக்கத்திலிருந்தே வரும்: உளவியலாளரும் குழுவில் வேண்டும் என்றால், எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பத்தானே? இந்த அச்சம் நியாயமானது. லூயிஸ் செய்ததும் ஒரு பங்கு, சிப்பாயை மீண்டும் அணிக்கு அனுப்புவதற்கான வடிகட்டல்தான். ரொக்பெல்லர் மருந்தும் தோட்டத்தின் பார்வையில் கூடையை நிரப்புவதற்கான மருந்துதான். குழுச் சிகிச்சை யாருக்காக வேலை செய்கிறது என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. எனவே அந்தக் குழு தோட்ட நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கக் கூடாது. சுகாதார அமைச்சின் கீழ் இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையைச் செய்யாமல் மனநிலை பற்றிப் பேசக் கூடாது. இரத்தம் சரியாக இருக்கிறது என்பதற்காக மனச்சுமையைக் கேளாமலும் விடக் கூடாது. வலி உண்மை என்று முதலில் ஒப்புக்கொண்ட பிறகே அதன் வேர்களைத் தேட வேண்டும்.

செலவு என்பது நான்காவது மறுப்பு. அதற்கு இலங்கையே பதில் வைத்திருக்கிறது. மருத்துவத்தால் விளக்க முடியாத உடல் நோவுகள் பற்றி மனநல மருத்துவர் அதுல சுமதிபால குழுவினர் இந்த நாட்டிலேயே ஆய்வு நடத்தி, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். குறுகிய பயிற்சி பெற்ற ஆரம்பநிலை மருத்துவர்களே உளவியல் சிகிச்சையைக் கொடுக்க முடிந்தது. அதைவிட முக்கியமாக, குறித்த நாளில் வரச்சொல்லி, ஒழுங்காகப் பரிசோதித்து, பொறுமையாகக் கேட்ட சாதாரண சிகிச்சையும் அதற்குக் குறையாத பலன் தந்தது. இதற்குப் புதிய மாளிகை தேவையில்லை. 2017 மே மாதம் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கின்றன. மாதத்தில் குறித்த சில நாட்களில் அங்கே ஒரு கிளினிக். ஒரு மருத்துவர், ஒரு இயன்மருத்துவர், தமிழில் பேசத் தெரிந்த ஓர் உளவளத்துணையாளர், தோட்டத்தின் குடும்பநல உத்தியோகத்தர். லயத்தின் நீரையும் மலசலகூடத்தையும் பார்த்து வந்து சொல்லப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அந்த நாளுக்கு முழுப் பேரு போடப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் ஏலாதவர் கிளினிக்குக்கு வரமாட்டார், மலைக்குத்தான் போவார்.

காரணம் கண்டுபிடிக்கப்படாதது நோயாளியின் குற்றம் அன்று, தேடாதவர்களின் குறை. மாத்தளை 1916இல் அதை நிரூபித்தது. கண்டுபிடித்த காரணத்துக்கு மருந்து மட்டும் கொடுத்து, வாழ்விடத்தையும் உணவையும் வேலையின் வடிவத்தையும் தொடாமல் விட்டால் நோய் திரும்பும் என்பதையும் அதே மாத்தளை நிரூபித்தது. நூறு ஆண்டுகளுக்குமுன் நம் மக்களின் உடலிலிருந்து கற்ற பாடத்தை நாடு முழுதும் பயன்படுத்தியது. அதன் பலனை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கும்படி தொழிற்சங்கங்களும் மலையகப் பிரதிநிதிகளும் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் கிலோவையும் ரூபாவையும் பேசும் மேசையில், கழுத்து வலியையும் இரத்தத்தின் அளவையும் பேசுவதற்கு இடம் கேட்க வேண்டும்.

அடுத்த இதழில்: தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்களான பிள்ளைக் காமராக்களின் வரலாறு.

(தொடரும்)